மிதிக்காத கோடுகள்

உத்திரமேரூர் கடைத்தெருவில் பத்து மணி வெயில் தார் ரோட்டைப் பளபளக்க வைக்கிறது. பஞ்சாயத்து ஊழியன் ஐசக், ஜனங்கள் ரோட்டைக் கடக்க, இந்த ஓரத்திலிருந்து எதிரே மருந்துக் கடை வரைக்கும் ஆறு சுண்ணாம்புக் கோடுகளைப் பட்டை பட்டையாகப் போட்டு முடித்து, மட்டையை வாளியில் போடுகிறான். போன ஐப்பசியில் இங்கேதான் லாரி இடித்து அவன் மனைவி மார்த்தாளின் கால் முறிந்தது. மனுவுக்கு மேல் மனு போட்டு வாங்கிய கோடுகள். ஆனால் ஒருத்தரும் மிதிக்கக் காணோம்! கோடு வரை வந்த நான்கு பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்து, சுற்றிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே நுழைகிறார்கள். ஐந்தாவதாக, இடுப்பில் கத்தரிக்காய்க் கூடையோடு பாஞ்சாலி.

“யக்கா, கோட்டு மேல நடந்து போ! அதுக்குத்தான் போட்டுகீது.”

“நல்லா சொன்ன போ! கோலங்கணக்கா போட்டுக்கினு அத்த மெறிக்கச் சொல்றியே. லட்சுமி கோச்சிக்க மாட்டா?”

காஞ்சிபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. எதிரே, மருந்துக் கடைப் படியிலிருந்து ஊன்றுகோலோடு இறங்குகிறாள் மார்த்தாள். கோலின் நுனி முதல் கோட்டில் பதிகிறது. பஸ் பெருமூச்சு விட்டு நிற்கிறது. அவசரமே இல்லாமல் அவள் ஆறு கோட்டையும் கடந்து வருகிறாள்; ஈரச் சுண்ணாம்பு ஒட்டிய பாதமும் கோல்முனையும் கறுப்புத் தாரில் வெள்ளைத் தடம் பதிக்கின்றன.

“பஸ்ஸே நின்னுகீது!” என்கிறாள் பாஞ்சாலி.

கூடையை இடுக்கிக்கொண்டு குனிகிறாள். முதல் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். அப்புறம் மிதிக்கிறாள்.