ஏரிச் சிப்பிகள்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தின் கடைசிப் படியில், கணுக்கால் நனைய நிற்கிறாள் வேணி. காவிரியின்மேல் மாலை வெயில் மஞ்சளாய் விரிந்திருக்கிறது. போன் திரையில் கணவன் அரவிந்தன். அவன் கனடா போய் மூன்று வருடமாகிறது. அங்கே இப்போதுதான் காலை; வேலை தொடங்குமுன் ஏரிக்கரையில் நிற்கிறான். ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கும் குழாய்களில் அடைத்துக்கொள்ளும் சிப்பிகளைச் சுரண்டி எடுப்பது அவன் வேலை. நகத்தளவுச் சிப்பி ஒன்றை, அதன் வரிகள் தெரியும்படி, கேமரா அருகே பிடிக்கிறான்.

"எங்கிருந்தோ கப்பல்ல வந்துச்சாம். இப்ப ஏரி ஏரியா பரவிடுச்சு. சுரண்டச் சுரண்ட ஒட்டிக்குது."

"அழகாத்தாங்க இருக்கு."

அவன் சிப்பியைக் கீழே இறக்குகிறான். "இன்னொரு குழாயும் அடைச்சுக்கிச்சு, வேணி. இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க."

பாலத்தில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. மிதந்து வந்த சாமந்தி மாலை வேணியின் காலைச் சுற்றிக்கொள்கிறது. அதை விலக்காமல் நிற்கிறாள்.

"அந்த ஏரியில காலாவது நனைச்சீங்களா?"

"எங்க? கரையெல்லாம் உடைஞ்ச சிப்பி ஓடு. பூட்ஸ் இல்லாம நடந்தா காலைக் கிழிச்சிடும்."

வேணி குனிந்து போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடிக்கிறாள். படியில் மோதி மோதி ஆறு சலசலக்கிறது. "கேக்குதாங்க?" திரையைப் பார்க்கிறாள். போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு, அரவிந்தன் பூட்ஸ் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான்.