தப்பாகச் சொல்லும் குரங்கு

மொழிப்பாட டீச்சரின் கையில் மாட்டிய, சாக்ஸில் செய்த பொம்மைக் குரங்கு, நாற்காலியைக் காட்டி "இது ஆடு" என்கிறது. தப்பாகச் சொல்வதுதான் குரங்கின் வேலை. அதைத் திருத்தும் அவசரத்தில் பிள்ளைகள் கூச்சம் மறந்து முழு வாக்கியமாகப் பேசிவிடுவார்கள். "லூசுக் குரங்கே, ஆட்டு மேலயா உக்காருவாங்க? இது நாற்காலி" என்று முன்வரிசைச் சிறுமி இடுப்பில் கைவைத்துத் திட்டுகிறாள். வாசலில் நின்று குரங்கு சொன்னதை மட்டும் காதில் வாங்கிய தலைமையாசிரியை விறுவிறுவென்று உள்ளே வந்து, குரங்கை உருவி மேசையில் எறிகிறார். "தப்புத் தப்பா சொல்லிக் குடுக்கவா உங்கள வச்சிருக்கோம்?" டீச்சர் பேச வாயெடுக்கிறார். "நீங்க பேசாதீங்க." தலைமையாசிரியை அதே நாற்காலியை ஸ்கேலால் தட்டி, "இது என்ன, சொல்லு" என்று சிறுமியிடம் கேட்கிறார். சிறுமி தன் ஷூ நுனியையே பார்க்கிறாள். "பாத்தீங்களா, இதுகூடத் தெரியல. நாளைலேருந்து இந்த வகுப்புக்கு வேற டீச்சர்."