மணலுக்கான டயர்

செங்கல்பட்டில் ஜிஎஸ்டி ரோட்டோர டயர் கடைக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் பட்டன்களுக்கு நடுவே விரலை விட்டு ஆழம் பார்க்கிறான் ஜான்சன். ராஜஸ்தான் பாலைவனம்வரை ஜீப்பில் போவதென்று அவனும் வாசுதேவனும் சேர்ந்து போட்ட திட்டம். கிளம்பும் வாரத்திலேயே ஜான்சனுக்குக் குவைத் வேலைக்கு டிக்கெட் வந்துவிட்டது. வாசுதேவன் தனியாகத்தான் போகிறான். "பட்டன் பெருசா கீறத எடுத்துக்கவா மச்சான்?" என்கிறான் வாசுதேவன். "அது சேறு சகதிக்குடா. மணல்ல பள்ளம் தோண்டிக்கினு உக்காந்துடும். திருவிடந்தை பீச்சுல ஜீப்பு மாட்டி வலைக்காரங்க வந்து தள்ளுனாங்களே, மறந்துட்டியா? அகலமா கீறத எடு." "உனுக்கு இன்னா, நீ போற ஊரே மணலுதான்." "அங்க எனுக்கு ஏசி ரூம்டா." சிரிக்கிறார்கள். லாரி ஒன்று கடந்துபோக, தூசியோடு சிரிப்பும் அடங்குகிறது. ஜான்சன் விரலை முகர்ந்து பார்க்கிறான். புது ரப்பர் வாசனை. சக்கரங்களை மாட்டி முடித்த கடைக்காரர் காற்றுக் குழாயோடு நிமிர்கிறார். "வண்டில எத்தினி பேரு அண்ணாத்த? அதப் பாத்துதான் காத்து வைக்கணும்." வாசுதேவன் ஜான்சனைப் பார்க்கிறான். ஜான்சன் குனிந்து டயரைத் தடவிக்கொண்டே சொல்கிறான்: "ரெண்டு பேருன்னே வைங்க."