காகிதத்தின் மறுமுனை

“இன்னொரு கட்டர் உடைஞ்சா பழையபடி பேக்கிங்தான், பாத்துக்கோங்க” என்று சூப்பர்வைசர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். பேக்கிங்கிலிருந்து இரும்பைச் செதுக்கும் இந்த மெஷினுக்கு வர அவளுக்கு ஆறு வருஷம் பிடித்திருந்தது.

கைச்சக்கரத்தை ஒவ்வொரு சொடுக்காகத் திருப்பி, சுழலாமல் நின்ற கட்டரை இரும்புக்கட்டியை நோக்கி இறக்கினாள். இடது கை இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தது. காகிதம் சிக்கினால் கட்டர் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

காகிதம் சிக்கியது. ஆனால் கட்டருக்கு அடியில் இன்னும் அரை மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிந்தது. இழுத்துப் பார்த்தாள். யாரோ மறுமுனையைப் பிடித்திருப்பதுபோல் மெல்ல எதிர்த்தது. குனிந்து பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

அப்போதுதான் கவனித்தாள். ஒரு சொடுக்குக்கு மயிரிழை மட்டுமே இறங்கும் சிறிய அளவுக்குக் கைச்சக்கரத்தை மாற்ற மறந்திருந்தாள். இன்னும் ஒரு சொடுக்கு திருப்பியிருந்தால் கட்டர் முழு மில்லிமீட்டர் இறங்கி, கட்டியில் மோதி உடைந்திருக்கும்.

மாற்றினாள். காகிதம் தானாக விடுபட்டது.

“ரொம்ப தேங்க்ஸ்ங்க” என்றாள்.

“மெஷினுக்கா தேங்க்ஸ், அக்கா? ரொம்பக் கொஞ்சாதீங்க, கெட்டுப்போயிடும்” என்றாள் பக்கத்து மெஷின்காரி.

மறுநாள் காகிதத்தை ஒரு விரற்கடை கூடுதல் நீளமாக வெட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று.