இன்னும் அனுப்பவே இல்லீங்க

கை தட்டினார்கள்.

அறுபது பேரும் தட்டினார்கள். கடைசி வரிசைப் பையன்கள் மேசையையும் சேர்த்துத் தட்டினார்கள்.

மேடையில் நின்றவளின் கைப்பேசியில் வந்த செய்தி புரொஜெக்டர் வழியாகச் சுவர் முழுக்க விழுந்திருந்தது.

"உங்களோடு நெருக்கமாக இருந்த ஒருவருக்குப் பால்வினைத் தொற்று உறுதியாகியிருக்கிறது. நீங்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அனுப்பியவர் பெயர் வெளியிடப்படாது."

"பாத்தீங்களா, இவ்வளவுதான்," என்று மாணவர்கள் பக்கம் திரும்பினாள்.

கரூர்ப் பக்கத்து பாலிடெக்னிக் அது. கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பெயர் சொல்லாமல் இப்படிச் செய்தி அனுப்பும் செயலியைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது அவள் வேலை. மூன்று வருடமாகப் பேச்சின் இதே இடத்தில் இதே வாக்கியத்தைச் சொல்லி, இதே கைதட்டலை வாங்கியிருக்கிறாள். யாராவது ஒருவரை எழுப்பி, தன் எண்ணையே கொடுத்து, பயிற்சிப் பக்கத்திலிருந்து அனுப்பச் சொல்வாள். அதோடு பாதி வெட்கம் போய்விடும்.

இன்று எழுப்பியது கோகிலவாணியை. இரண்டாவது வரிசை.

"மேடம், நான் இன்னும் அனுப்பவே இல்லீங்க. என் போன்ல டவரே எடுக்கலைங்க."

மேடையில் நின்றவள் சுவரை மறுபடி பார்த்தாள்.

பயிற்சிச் செய்தி என்றால் மேலே சிவப்பில் ‘மாதிரி’ என்று இருக்கும்.

இதில் இல்லை.



"அதான் வந்துருச்சே. உக்காரும்மா."

தன் வாய்தான் அதைச் சொன்னது என்று அவளுக்கே நம்ப முடியவில்லை.

கோகிலவாணி உட்காரவில்லை.

ஒருவருக்கு என்று போட்டிருக்கிறது. மேடையில் நின்றவளுக்கு இருப்பதே ஒருவன்தான், கணவன். வேறு யாராக இருக்கும் என்று யோசித்துப் பார்க்கக்கூட வழியில்லை.

கை தானாக வயிற்றுக்குப் போனது. சேலையைச் சரிசெய்வதுபோல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் மாதம்.

இரண்டாம் மாதம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தபோது இருவருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. அந்தத் தாளைக் கண்ணாடிக் காகித உறையில் போட்டு பீரோவில் வைத்தவன் அவன்தான்.

அப்படியென்றால் அதற்குப் பிறகு.

மூன்று வாரமாக அவன் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறான். தூக்கத்தில் குழந்தையை இடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றான். பக்கத்து வீட்டு அக்காவிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். பெருமை. அதை நினைத்தபோது உடம்பு கூசியது.

"மேடம்." ஜன்னலோரம் ஒரு பையன் எழுந்திருந்தான். "அனுப்புனது யாருன்னு நெசமாலுமே தெரியாதுங்களா?"

அரங்கம் சிரித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை. அடுப்படியில் நின்று இந்தப் பேச்சைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். ஊரெல்லாம் பேசுவதை வீட்டிலும் பேச வேண்டுமா என்று சலித்துக்கொள்கிற ஆள், அன்று நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

"நெசமாலுமே பேரு தெரியாதா?"

"தெரியவே தெரியாது. மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாதவங்களுக்குத்தாங்க இது."

அவன் மறுபடி குனிந்துகொண்டான். உரித்த பூண்டையே உரித்துக்கொண்டிருந்தான்.

மூன்று வருடத்தில் ஒரு மாணவனாவது ஒழுங்காகக் கேட்டானே என்று அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது.

நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பையன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"தெரியாதுப்பா," என்றாள். "யாருக்குமே தெரியாது."

இப்போதே கணவனைப் போனில் கூப்பிட்டு, இத்தனை பேர் கேட்கக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அடுத்து அவள் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது. செய்தி வந்தால் சண்டை அப்புறம், முதலில் பரிசோதனை. எத்தனை ஊரில் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறாள்.

சொன்னாள். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

திரையில் ‘பரிசோதனைக்குப் பதிவு’ என்ற பொத்தானை அழுத்தினாள்.

வயது. ஊர். கைப்பேசி எண்.

இதுவரை எல்லாக் கல்லூரியிலும் செய்வதுதான். யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

நான்காவது கேள்வி வந்தது.

"கர்ப்பமாக இருக்கிறீர்களா?"

இந்த இடத்தில் எப்போதும் ‘இல்லை’யை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள்.

விரல் நின்றது. சுவரில் கேள்வியும் நின்றது.

யாரோ இருமினார்கள்.

‘ஆம்’ அழுத்தினாள்.

அவளே இதுவரை திறந்து பார்த்திராத பக்கம் ஒன்று வந்தது.

"தள்ளிப்போடாமல் இன்றே வாருங்கள். உடனே சிகிச்சை எடுத்தால் குழந்தைக்கு நோய் வராமல் பெரும்பாலும் தடுக்கலாம்."

பெரும்பாலும் என்ற சொல்லை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். பிள்ளைகள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கோகிலவாணி மட்டும் எழுதவில்லை. சுவரைப் பார்க்கவில்லை. மேடத்தின் கையைப் பார்த்தாள். கை இன்னும் வயிற்றில்தான் இருந்தது.

பிறகு வரிசையை விட்டு வெளியே வந்தாள். மேடைக்கு ஏறி, புரொஜெக்டரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

சுவர் வெறும் சுவரானது.

"கரண்டு போயிருச்சுங்க மேடம்," என்றாள். "நீங்க கெளம்புங்க."

தலைக்கு மேல் மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன.