இரண்டையும் நிறுத்திய பிறகு

"மெயின் சேர்வரை நிப்பாட்டிட்டன் சேர்," என்றாள் சப்னா.

அடுத்த நிமிடமே அல்பிரட்டின் போனில் சோதனைச் செய்தி வந்து விழுந்தது.

கடலில் நிற்கும் படகுகளுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்புகிற மாம்புரிக் கந்தோர் அது. அல்பிரட் பொறுப்பாளர், சப்னா புதிதாக வந்தவள். முதல் மெஷின் படுத்தால் இரண்டாவது தானாக வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும்; அதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள்.

"பார்த்தியா, ரெண்டாவது எடுத்திட்டுது! இப்ப அதையும் நிப்பாட்டு. செய்தி வரப்படாது."

நிறுத்தினாள். செய்தி வந்தது.

அல்பிரட் இரண்டு மெஷினின் வயர்களையுமே கழற்றினார். திரும்பவும் வந்தது. பேய் பிசாசை நம்பாத மனுஷன்தான், ஆனாலும் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எப்பிடி சேர் இது?"

"என்னட்டயா கேக்கிறாய்! நீதானே படிச்சது!"

சப்னா தன் லெப்டொப்பில் தேடினாள். "மூணாவது மெஷின் ஒண்டு ஈக்குது சேர். எத்தாளை ஊர்ல. நிஸார்ட பேர்ல."

அல்பிரட்டுக்குக் கோபம் தலைக்கேறியது. நிஸாரை மூன்று மாதத்துக்கு முன் வேலையிலிருந்து நிறுத்தியதே அவர்தான். 'இரண்டாவது மெஷின் சரியில்லை' என்று காட்ட, கேட்காமல் கொள்ளாமல் மெயினை நிறுத்தியவன். உடனே போன் போட்டார்.

"டேய், எங்கட டேட்டாவைக் களவா வச்சிருக்கிறியா? பொலிசுக்குப் போவன்!"

"எச்சரிக்கை அனுப்புற புரோகிராமிட கொப்பி ஒண்டு என்ட பழைய லெப்டொப்ல ஓடுது சேர். உங்கட ரெண்டாவது ஒருநாளும் எடுக்காது. அதான்..."

"இப்பவே நிப்பாட்டு!"

நிஸார் கொஞ்சம் யோசித்தான். "சரி சேர்."

வயர்களை மாட்டி இரண்டு மெஷினையும் போட்டார்கள். மறுபடி மெயினை மட்டும் நிறுத்தினார்கள். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. போன் மூச்சுக் காட்டவில்லை. இரண்டாவது மெஷின் லைட்டை மினுக்கிக்கொண்டு சும்மா இருந்தது.

"அப்ப முதல்ல வந்த செய்தியும் நிஸார்ட மெஷின் அனுப்பினதுதான் சேர்," என்றாள் சப்னா.

அல்பிரட் பதில் சொல்வதற்குள் வானிலைக் கந்தோரிலிருந்து அழைப்பு. பலத்த காற்று வருகிறது, படகுகள் உடனே கரைக்குத் திரும்ப வேண்டும்.

"மெயினைப் போடு பிள்ளை!"

"எழும்புதில்ல சேர்!"

கடலில் நாற்பது படகுகள். வெட்கத்தைப் பார்க்காமல் அல்பிரட் திரும்பவும் நிஸாரை அழைத்தார்.

"தம்பி, நான் சொன்னதை மனசில வச்சிராத. அந்த மெஷினைத் திரும்பப் போடு. கெஞ்சிக் கேக்கிறன்."

"அது ஓடிக்கொண்டுதான் ஈக்குது சேர். வானிலைக் கந்தோர்ட டேட்டா வந்த உடனே எச்சரிக்கை எல்லாப் படகுக்கும் தானா போயிட்டுது, திரும்பி வாறாங்க. நீங்க நிப்பாட்டச் சொன்ன நேரம் நான் லிஸ்டில இருந்து நீக்கினது உங்கட நம்பரை மட்டும்தான்."