முப்பத்தெட்டு நியூட்டன் மீட்டர்

"அம்மா, எழுந்திரு. கத்தாதே. ஆன்லைன்ல ஒருத்தரோட பேசிட்டேன். இப்போ அவர் நான் சொன்னதை அப்படியே செய்யறார்."

அம்மா போர்வையை உதறிக்கொண்டு எழுந்தாள். பத்தாவது படிக்கிற மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"யாருடி அவன்? என்ன வயசு?"

"நாப்பத்தேழு. கல்யாணம் ஆனவர்."

"அடிப் பாவி! எங்க இருக்கான் அவன்?"

"ஹால்ல."

"என்னது?"

"அப்பாதாம்மா."

ஹாலில் 'டக்' என்றது. போல்ட் நாம் வைத்த அளவுக்கு இறுகியதும் அப்படிச் சத்தம் போடும் டார்க் ரெஞ்ச். அப்பாவின் டிரைவிங் ஸ்கூலுக்கு இருப்பது ஒரே கார். அதன் இன்ஜின்தான் மாதக்கணக்கில் ஹால் நடுவில் கிடக்கிறது.

"புரியற மாதிரி சொல்லித் தொலை."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். கார் ரிப்பேர் சைட் ஒன்றில், 'மாஸ்டர் மெக்கானிக்' என்ற பெயரில் வாய்க்கு வந்ததைப் பதிலாகப் போடுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. யாரோ ஒருவர், கையேட்டில் அந்தப் பக்கமே கிழிந்துவிட்டது, இன்ஜின் மேல்மூடியின், அதாவது சிலிண்டர் ஹெட்டின், போல்ட்டை எவ்வளவு இறுக்கலாம் என்று கெஞ்சியிருந்தார். முப்பத்தெட்டு நியூட்டன் மீட்டர் என்று அடித்துவிட்டாள்.

"இன்னிக்குச் சாப்பிடறப்போ அப்பா சொல்றார், 'மாஸ்டர் மெக்கானிக்னு ஒரு மகான்! நாயா அலைஞ்சேன், நல்லவேளை அவர் சொன்னார்'னு. பாதிச் சாப்பாட்டுலயே எழுந்துட்டேம்மா."

"முப்பத்தெட்டு எங்கருந்துடி வந்துச்சு?"

"கணக்குல என் மார்க்."

"முப்பத்தெட்டா! எண்பத்தெட்டுன்னு சொன்னே?"

"அதுக்கு அப்புறம் திட்டு! போல்ட் லூசா இருந்தா ஆயில்ல தண்ணி கலந்து இன்ஜினே போயிடும். அப்புறம் ஸ்கூலை எதை வெச்சு நடத்துவார்? நீ போய்ச் சொல்லும்மா. நான் சொன்னா தோலை உரிச்சிடுவார்."

'டக்.'

அம்மா நகரவில்லை.

"நான் ஒருத்தி மட்டும் சொல்லியிருந்தா அப்பா நம்பியிருக்க மாட்டார்மா" என்றாள் மகள். "எனக்குக் கீழயே இன்னொருத்தர், 'எனக்கு முப்பது வருஷ அனுபவம். முப்பத்தெட்டு நூத்துக்கு நூறு சரி. யோசிச்சுக்கிட்டே இருக்காம இறுக்கி, சட்டுபுட்டுன்னு இன்ஜினை வெளிய எடுத்துட்டுப் போங்க'ன்னு எழுதியிருக்கார். அதைப் படிச்சதும்தான் அப்பா ரெஞ்சையே கையில எடுத்தாராம்."

அம்மா போர்வையைத் தேடி எடுத்தாள்.

சட்டென்று மகளின் முகம் மலர்ந்தது. "ஏம்மா, அவ்வளவு அனுபவசாலி சொன்னா சரியாத்தானே இருக்கும்? குருட்டாம்போக்குல சொன்னாலும் நான் கரெக்டாத்தான் சொல்லியிருக்கேனோ?"

அம்மா மெல்லப் படுத்து, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அந்த முப்பது வருஷ அனுபவம் நான்தான்டி."